இடது பின் சக்கரத்தில் ஒரு நட்

கண்ணு,

கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் பெங்களூருக்குக் கிளம்பும்போது உன் அப்பா காரின் சாவியை உன் கையில் கொடுப்பார். தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். வேறு எதுவும் சொல்லமாட்டார். சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. இடது பின் சக்கரத்தில் ஒரு நட் மற்ற நான்கைப் போல இல்லை. மற்றவற்றுக்கு ஆறு முகம். அதற்கு இரண்டுதான். என்றைக்காவது அந்தச் சக்கரம் பஞ்சராகும். நீ குனிந்து பார்ப்பாய், எந்தப் புண்ணியவான் இதைச் செய்தது என்று திட்டுவாய். திட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள். செய்தது இரண்டு பேர். ஒருவர் உன் அப்பா. மற்றவர் லீலாவின் அப்பா. அதனால்தான் இந்தக் கடிதத்தை உன்னிடம் நேராகக் கொடுக்காமல் டிக்கியில், ஸ்பேனர் டப்பாவுக்குள் வைக்கிறேன். தேவைப்படுகிற இடத்தில் கிடைக்கட்டும்.

நிச்சயத்துக்கு வருவதாகச் சொன்ன அன்று நாங்கள் எவ்வளவு தாமதமாக வந்தோம் என்பது உனக்கு மறந்திருக்காது. நீ லீலா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாய். சட்டை வியர்த்துப்போயிருந்தது. ‘பஞ்சர்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டோம். நீயும் நம்பினாய். பொய் இல்லை. ஆனால் உன் கல்யாணம் அன்றைக்கு ஒரு கேழ்வரகு வயலின் ஓரத்தில் ஏறக்குறைய நின்றுபோனது என்பதை யாரும் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம். பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது.

உன் அப்பாவுக்கு லீலாவைப் பிடிக்காமல் இல்லை. அவர் பயம் வேறு. திருநெல்வேலியிலிருந்து சேலம் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகி வந்தவர். ஆபீஸில் தமிழ், வீட்டில் தமிழ், ஆராதனையில் தமிழ். இந்தப் பக்கத்துக் கன்னடமும் தெலுங்கும் அவர் காதில் விழுந்து அப்படியே வெளியே போய்விடும். வீட்டில் கன்னடம் பேசுகிற பெண் என்று நீ லீலாவைப் பற்றி எழுதிய நாளிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். “பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா நாளைக்கு ரெண்டு பேருக்கும் சண்டைன்னா எந்த பாஷையில போடுவாவ?” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரயில் நிலையப் பலகைகளில் பூசிய தார் இன்னும் முழுதாக உரியாத காலம். பாஷைக்காக மனிதர்கள் செத்ததைப் பேப்பரில் படித்தவர். அது பெரிய கேள்விதான் அவருக்கு. நான் ஓசூரில் பிறந்தவள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மாவு கேட்டால் கன்னடத்தில் கொடுப்பார்கள், அடுத்த வீட்டில் தெலுங்கில் இல்லை என்பார்கள். எனக்கு அது கேள்வியாகவே பட்டதில்லை. பட்டிருக்க வேண்டும். ஒருவருக்குப் பயமாக இருப்பது இன்னொருவருக்குக் கண்ணில்கூடப் படாமல் போவது ஒரு வீட்டில் நல்லதில்லை.

லீலா வீட்டிலும் இதே கேள்வி இருந்தது என்று பிறகு அறிந்தேன். அவள் சித்தப்பா, தமிழ்க்காரர்கள் சொன்னபடி வரமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். முதலில் வைத்த நாளில் நாங்கள் போகவில்லை. உன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினோம். கொஞ்சம் காய்ச்சல் இருந்தது. கொஞ்சம்தான். ஆகவே இது இரண்டாவது நாள். மூன்றாவது கிடையாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வழிகாட்ட லீலாவின் அப்பா ஓசூர் பஸ் நிலையம் வரை வந்திருந்தார். இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், வெள்ளை ஜிப்பா, அகலமான கை. முன்னால் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால், மடியில் பழத்தட்டு. அவர் கன்னடத்தில் ஒன்று சொல்வார், நான் தமிழில் சொல்வேன். இவர் தமிழில் ஒன்று சொல்வார், நான் கன்னடத்தில் சொல்வேன். பெரிதாக ஒன்றுமில்லை. திராட்சை விலை. மழை இல்லை. இரண்டு பேரும் மரியாதையாக இருந்தார்கள். அளவுக்கு மேல் மரியாதை.

மாநில எல்லையில் இருக்கிற ஜூஜுவாடி சோதனைச் சாவடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடது பின் சக்கரம். ரேடியேட்டரும் புகைந்துகொண்டிருந்தது. வயலுக்குள் பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆண்கள் சக்கரத்தை மாற்றட்டும், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று தகர டப்பாவோடு நான் வரப்பில் இறங்கினேன். மொழிபெயர்க்கிறவள் போய்விட்டாள். மிச்சம் நடந்ததை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதிலிருந்துதான் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தக் கார் பழைய அமெரிக்கக் கார் என்பது உனக்குத் தெரியும். அதன் இடப்பக்கச் சக்கரங்களின் மரை, அதாவது நட் ஏறி இறங்குகிற புரி, தலைகீழானது என்பது தெரியாது. சக்கரம் சுழல்கிற வேகத்தில் நட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வெட்டியிருக்கிறார்கள். வலப்பக்கச் சக்கரத்து நட்டை எல்லா நட்டையும் போல இடது பக்கம் திருப்பினால் கழலும். இடப்பக்கத்து நட்டை வலது பக்கம் திருப்ப வேண்டும். உன் அப்பா கார் வாங்கிய பிறகு ஒரே ஒரு தடவைதான் சக்கரம் மாற்றியிருந்தார். அது வலப்பக்கத்துச் சக்கரம். ஆகவே தனக்குத் தெரியும் என்று இருந்தார். நட்டுக்கு உரிய ஸ்பேனர் காரோடு வரவில்லை. ஸ்க்ரூ ஸ்பேனரை, அந்த வாய் ஆடுகிற ஸ்பேனரை, மாட்டி இடது பக்கம் இழுத்தார். அதாவது இறுக்கினார்.

லீலாவின் அப்பாவின் லாரியிலும் இதே மாதிரி மரை. பார்த்ததும் கத்தினார்.

“பலக்கே! பலக்கே திருகிசி!”

“பலமாத்தான் ஐயா திருகுதேன்.”

“அய்யோ, பலக்கே ரீ! பலக்கே!”

“இதுக்கு மேல பலத்துக்கு நான் எங்க போவேன்?” என்று உன் அப்பா ஸ்பேனரின் மேல் ஏறி நின்றார்.

கன்னடத்தில் பல என்றால் வலது. நம்முடைய ‘வ’ அங்கே ‘ப’ ஆகிவிடும். நம் ‘வா’ அவர்களுக்கு ‘பா’. நம் வலம் அவர்களுக்கு ‘பல’. வலது பக்கம் திருப்பு என்று அவர் தொண்டை கிழியச் சொல்லச் சொல்ல, இன்னும் பலமாக என்று கேட்டுக்கொண்டு இவர் எதிர்ப்பக்கம் தம் பலம் முழுவதையும் போட்டார். நிலத்துக்காரர் நாராயணப்பா அப்போது தலையில் துண்டோடு வந்து சேர்ந்தார். தெலுங்குக்காரர். நின்று பார்த்தார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

“குடி பக்கக்கு திப்பு சாமி” என்றார்.

தெலுங்கில் குடி என்றால் வலது. சாவடிக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை, இந்தப் பக்கம் மதுவிலக்கு என்று இருக்கிற இடத்தில், சபைக் கமிட்டியில் இருக்கிற உன் அப்பாவிடம், வெயிலில், அந்த நிலைமையில், ஒருவர் வந்து அப்படிச் சொன்னால்?

“குடி பக்கத்துலயா? நல்ல நாளும் அதுவுமா பேசுத பேச்சைப் பாரு! நான் அந்த மாதிரி ஆளு இல்ல, போரும் வே!”

அந்த ஆத்திரத்தில் கடைசி இழுப்பு. ஸ்பேனர் வழுக்கியது. விரல் மூட்டுகள் மட்காடில் உரசித் தோல் போயிற்று. நட்டின் ஆறு முனையும் மழுங்கி, கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. லீலாவின் அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு நாராயணப்பாவிடம் சொன்னார். “ஈ மனுஷங்கே தலெனே இல்லா.”

இதை மட்டும் உன் அப்பா சரியாகப் புரிந்துகொண்டார். வேண்டாத சொல் எந்தப் பாஷையிலும் தன் வழியைக் கண்டுபிடித்துவிடுகிறது.

நான் தண்ணீரோடு வந்தபோது உன் அப்பா மைல்கல்லில் உட்கார்ந்து கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். லீலாவின் அப்பா சாலைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். பழத்தட்டு காரின் கூரையில் வெயிலில் இருந்தது. “தட்ட எடு. பஸ்ஸுல திரும்பிருவோம்” என்றார் உன் அப்பா. “ஒரு நட்டக் கழத்த ரெண்டு பேரும் ஒத்துப்போவ முடியல. இதுல சம்பந்தம் எங்க பண்ண? எனக்குத் தலை இல்லையாம்.” நான் சாலையைக் கடந்து மற்றவரிடம் போனேன். அவரும் குரலைத் தாழ்த்தி, முதன்முறையாகத் தாழ்த்தி, கன்னடத்தில் அதையே சொன்னார். போன தடவை காய்ச்சல், இந்தத் தடவை இது, ஆண்டவர் தடுக்கிறாரோ என்னவோ அம்மா, வீட்டில் போய் நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று காலையிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். வேண்டாம் என்பது.

உன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வாசலில் நின்றுகொண்டிருப்பாய் என்று தெரியும். அப்போது எனக்குப் பெரிய யோசனை எதுவும் வரவில்லை. அவர் என்ன சொன்னார் என்று மட்டும் உன் அப்பாவைக் கேட்டேன். “பலமா, பலமான்னு உசிர வாங்கினாரு.” சரி, அப்படியே அவர் சொன்ன மாதிரி சொல்லுங்கள் என்றேன். “பலக்கே, பலக்கேன்னாரு.” அந்த நிலத்துக்காரர்? “அவன் குடிக்கக் கூப்பிட்டான்.” என்ன சொல்லிக் கூப்பிட்டார்? “குடி பக்கக்குன்னான்.”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. டப்பாத் தண்ணீர் பாதி புடவையில். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில், இவளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்பது இருந்தது. அந்த இடத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது. மூச்சு வந்ததும் சொன்னேன். இரண்டு பேரும் உங்களிடம் சொன்னது ஒரே சொல். வலது. அவ்வளவுதான்.

அவர் நம்பவில்லை. எழுந்து சக்கரத்திடம் வந்தார். லீலாவின் அப்பாவும் வந்தார். அவர் குனிந்து நட்டின் நடுவே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனையை ஜிப்பா நுனியால் துடைத்தார். கிரீஸுக்கு அடியில் ஓர் ஆங்கில எழுத்து. எல். இடது மரை என்பதற்கு அடையாளம். விரலால் தட்டிக் காட்டினார், பாரும் என்கிற மாதிரி.

“அதான் லெஃப்ட்டுன்னு போட்டிருக்கே!” என்றார் உன் அப்பா. “நானும் லெஃப்ட்டுலதான திருப்பினேன்?”

நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன். லீலாவின் அப்பா ஒரு நிமிஷம் உன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாலையோரத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். அந்தப் பெரிய குரலில். நாராயணப்பாவும் சிரித்தார். உன் அப்பா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவருக்கும் வாய் கோணியது.

மழுங்காத அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டி, வலது பக்கம், மெதுவாக. ஒரு முனகல். கழன்றது. நான்கும் அப்படியே. மிச்சம் இருந்தது அந்த ஒன்று. அதைத்தான் இறுக்கோ இறுக்கென்று இறுக்கியாயிற்றே.

இங்கே நீ கவனிக்க வேண்டியது ஒன்று. மரை போவது வேறு, முனை மழுங்குவது வேறு. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ‘போச்சு’ என்பார்கள். மரை போனால் உள்ளே பிடிப்பே இல்லை. முனை மழுங்கினால் உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சொல்லப்போனால் தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் பிடிக்கிற இடம்தான் தேய்ந்துபோயிற்று. லீலாவின் அப்பா உளி வைத்து வெட்டி உடைத்துவிடலாம் என்றார். உடைத்தால் போல்ட்டும் சேர்ந்து போகலாம். அவசரக்காரர்களுக்கு உளிதான் முதலில் ஞாபகம் வரும். நாராயணப்பா பம்புசெட் அறையிலிருந்து மண்ணெண்ணெய், அரம், சின்ன சுத்தி, கொஞ்சம் சிறிய அளவில் ஒரு ஸ்பேனர் கொண்டுவந்தார். மண்ணெண்ணெயை மரையில் இறங்கும்படி விட்டு, சுத்தியால் மேலே லேசாகத் தட்டினோம். லேசாக. அடிப்பது இல்லை, எழுப்புவது. அப்புறம் காத்திருந்தோம். அது ஊறுகிற வரை செய்ய எதுவும் கிடையாது. உட்கார்ந்திருப்பதும் வேலையில் ஒரு பங்குதான்.

பிறகு அரம். மழுங்கிப்போன நட்டில் எதிரெதிராக இரண்டு பக்கம் தட்டையாக ராவினால், பழைய ஸ்பேனர் பிடிக்காது, ஒரு சைஸ் சின்னது பிடிக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலும் ஸ்பேனர் மறுபடி வழுக்கும். ஒரு முகத்தை உன் அப்பா ராவினார். அரத்தை வாங்கி மறு முகத்தை லீலாவின் அப்பா ராவினார். ஒருவர் ராவும்போது மற்றவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். நான் ஸ்பேனரை வைத்துப் பார்த்து, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்பேன். “மெல்ல, மெல்ல” என்பார் இவர். “மெல்லகே, மெல்லகே” என்பார் அவர். அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வயலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புத்தூள் இரண்டு பேர் வேட்டியிலும்.

அந்த நேரத்தில் எனக்குக் கல்யாணமான புதிது ஞாபகம் வந்தது. நாசரேத்தில் உன் அப்பா வீட்டில், பித்தளைக் குடத்தைக் கழுவிக் கூடத்திலேயே விட்டிருந்தேன். “அங்கேயே கிடந்தா அம்மா வையும்” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். சரி, அத்தை எடுத்து வைப்பார்கள், நல்ல மனுஷி என்று நான் நிம்மதியாகப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊரில் வைவது என்றால் திட்டுவது. அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் தமிழ்தான். ஒரே வேதப்புத்தகம். இத்தனை வருஷத்தில் நானும் அவரும் போட்ட சண்டை எல்லாம் ஒரே பாஷையில்தான். அதனால் ஒன்றும் சீக்கிரம் தீர்ந்துவிடவில்லை. இதை அரத்தின் சத்தத்துக்கு நடுவே அவரிடம் சொன்னேன். ராவுவதை நிறுத்தவில்லை. காது சிவந்தது. கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம்.

சின்ன ஸ்பேனரைச் சுத்தியால் தட்டி ஏற்றினோம். இறுக்கமாக உட்கார்ந்தது. யார் திருப்புவது என்று ஒரு கணம் இருவரும் நின்றார்கள். லீலாவின் அப்பா கையை நீட்டி, நீங்கள்தான் என்றார். உன் அப்பா காயம்பட்ட கையால் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“பலக்கே?”

“பலக்கே” என்றார் அவர்.

“குடி பக்கக்கு” என்றார் நாராயணப்பா, விட்டுக்கொடுக்காமல்.

வலது பக்கம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காய்ந்த மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். நட் நகர்ந்தது. அவ்வளவு கொஞ்சமாக நகர்ந்த ஒன்றைப் பார்த்து மூன்று பெரிய மனிதர்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

ஸ்டெப்னியைப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். நாராயணப்பா பழத்தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்து அனுப்பினார். சாவடியைத் தாண்டும்போது உன் அப்பா முன்னால் பார்த்தபடியே, “பீகரே” என்றார். கன்னடத்தில் சம்பந்தியைக் கூப்பிடுகிற சொல். எங்கே கேட்டுவைத்தாரோ. லீலாவின் அப்பா தலையைத் திருப்பினார். “எனக்குத் தலை இல்லன்னியரே” என்றார் உன் அப்பா. நான் பின்னாலிருந்து வாயைத் திறக்கப்போனேன். லீலாவின் அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். தனக்குத் தெரிந்த லாரி டிரைவர் தமிழில் தானே சொன்னார். “தப்பு ஆயிப்போச்சு சம்பந்தி. தலெ இருக்குது. காது இல்லே.” அதற்குப் பிறகு வீடு வரை என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. என்ன பேசினார்கள், எவ்வளவு புரிந்தது, தெரியாது. பேசிக்கொண்டே வந்தார்கள். நீ வாசலில் பார்த்தபோது இரண்டு பேர் கையிலும் கரி. அது பஞ்சர் கரி என்று நினைத்தாய்.

நட்டை மாற்றிவிட வேண்டும் என்று உன் அப்பா பெங்களூரில் பழைய சாமான் கடைகளில் தேடினார். இடது மரையில் இந்த அளவு கிடைக்கவில்லை. இப்போது தேடுவதை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அது நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிடைத்தால் நீ மாற்றிக்கொள். அதுவரைக்கும் அதற்கான சின்ன ஸ்பேனர் இந்த டப்பாவிலேயே துணியில் சுற்றி இருக்கிறது. நாராயணப்பா அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

உனக்கும் லீலாவுக்கும் சண்டை வரும். எந்தப் பாஷையில் என்று நான் கவலைப்படவில்லை. ஒன்று கழலவில்லை என்றால் கையில் பலத்தைக் கூட்டுவதற்கு முன்னால், திருப்புகிற பக்கம் சரிதானா என்று பார். பக்கம் தெரியவில்லை என்றால் அவளைக் கேள். அவள் பதிலைச் சத்தமாகச் சொல்லலாம், அப்பாவின் குரல் அவளுக்கும் இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்லலாம். பலம் போதவில்லை என்று உன்னைக் குத்திக்காட்டுவதாக உன் காதில் விழும். அப்படி இருக்காது, கண்ணு. வலது பக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அம்மா